கல்வேலியும் சுட்டிக் குதிரையும்

என் மனுசன் பரமலிங்கம் முப்பத்திரண்டு வருடம் நெடுந்தீவில் தபால்காரராக இருந்தவர். ஒழுங்கையில் சைக்கிளை நிறுத்தி மணி அடிப்பார். வீட்டுக்காரர் வந்து கையை நீட்டினால்தான் கடிதத்தைக் கொடுப்பார். வாசலில் எறிந்துவிட்டுப் போகிற பழக்கம் அவரிடம் கிடையாது. அப்படிப்பட்ட மனுசன், வேலையின் கடைசி ஏழு வருடமும் ஒரே ஒரு வீட்டுக் கடிதங்களை மட்டும் வேலிக்கு மேல் வைத்து, காற்றுக்குப் பறக்காமல் ஒரு கல்லைத் தூக்கி வைத்துவிட்டு வந்தார். அது பக்கத்து வீடு. என் அண்ணன் கதிர்காமுவின் வீடு.

எங்கள் ஊரில் வேலி என்றால் கல்வேலி. கடற்கல்லைப் பொறுக்கி, சாந்தும் இல்லாமல் மண்ணும் இல்லாமல், ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கியிருப்போம். அப்பா வீடும் நிலமுமாக இருந்த தன் வளவை இரண்டாகப் பிரித்துப் பாதியை எனக்குச் சீதனமாக எழுதியபோது நடுவில் இப்படி ஒரு வேலியை அடுக்கினார். மூலையில் ஆள் போய்வர ஒரு கடப்பும் விட்டார். அந்த இடைவெளியால்தான் நான் உப்புக்கும் மிளகாய்க்கும் அண்ணன் வீட்டுக்கு ஓடுவேன். அண்ணன் தேத்தண்ணி குடிக்க இங்கே வருவார். அண்ணி செத்து, பிள்ளைகள் பிரான்சுக்குப் போன பிறகு அவர் அதிகமாகவே வந்தார்.

பத்து வருடத்துக்கு முன் என் மனுசன் நாலு தென்னங்கன்று வைத்தார். ஆடு மாடு வந்து கடித்துவிடும் என்று அந்தக் கடப்பைக் கல்லால் அடைத்தார். அந்தக் கோடையில் வேலி சரிந்தது, சரியாக அடைத்த இடத்தில். இவர் திரும்ப அடுக்கினார். அடுத்த வருடக் கோடையிலும் அதே இடம்.

"உம்மடை கொண்ணன்ரை வேலை" என்றார். என் அண்ணன் எல்லையைத் தள்ளப் பார்க்கிறான் என்று முடிவு கட்டிவிட்டார். யாழ்ப்பாணத்தானுக்கு வேலி சரிந்தால் காற்றும் மழையும் நினைவுக்கு வராது, பக்கத்து வளவுக்காரன்தான் நினைவுக்கு வருவான். தீவுக்காரன் மட்டும் என்ன விதிவிலக்கா? சங்கக்கடை வரிசையில் எட்டுப் பேருக்கு முன்னால் அண்ணனைக் கள்ளன் என்றார். அண்ணன் ஒரு வார்த்தை பேசாமல் அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு போனார். அன்றோடு கதை பேச்சு முடிந்தது. வேலி மட்டும் கோடைக்குக் கோடை அதே இடத்தில் சரிந்துகொண்டே இருந்தது.

உண்மையைச் சொன்னால் என்ன, நானும் கொஞ்சம் நம்பினேன். செய்யாத மனுசன் என்றால் வாய் திறந்து இல்லை என்று சொல்லமாட்டாரா என்று நினைத்தேன். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

இந்த வருடம் மகள் கம்சிகாவுக்கு ஆவணியில் கலியாணம் முற்றாகியது. எங்கள் பக்கம் கலியாணத்துக்கு நேரில் போய்ச் சொல்லவேண்டும். புருசனும் பெண்சாதியுமாக வெற்றிலைத் தட்டத்தோடு போய்ச் சொல்லாவிட்டால் சொந்தக்காரர் படி ஏறமாட்டார்கள். அதிலும் தாய்மாமனுக்கு முதலில் சொல்லவேண்டும். இவர் என்ன சொன்னார் தெரியுமா? அழைப்பிதழ் அச்சடித்த கலியாணக் காட்டையும் வழக்கம்போல வேலிக்கு மேல் வைத்துக் கல்லைத் தூக்கி வைக்கலாம் என்றார். நான் மூன்று நாள் அவரோடு கதைக்கவில்லை. சோற்றைப் போட்டுவிட்டுக் குசினிக்குள் போய்விடுவேன். மனுசன் அசையவில்லை. முதலில் அவன் குற்றத்தை ஒத்துக்கொள்ளட்டும் என்று ஒரே பிடி.

ஆனி மாதம் கம்பஸிலிருந்து நிலாந்தினி என்றொரு பிள்ளை வந்தாள். எங்கள் ஊரில் தன்பாட்டில் திரிகிற காட்டுக் குதிரைகள் கோடையில் எங்கெங்கே தண்ணீர் குடிக்கின்றன, எது முன்னால் நடக்கிறது, எது பின்னால் போகிறது என்று ஆராய்ச்சி செய்கிறாளாம். ஒவ்வொரு குதிரையின் முகத்தையும் படம் எடுத்து வைத்திருந்தாள். நெற்றியில் வெள்ளைச் சுட்டி உள்ள கிழட்டுப் பெட்டைக் குதிரையைக் காட்டி, இதுதான் ஒரு கூட்டத்துக்குத் தலைவி என்றாள். எங்கள் மூலையில் மாட்டுக்கு வைத்த கல்தொட்டி இருக்கிறது. அதற்குப் பக்கத்துப் பனையில், யாரும் குறுக்கே போனால் தானாகவே படம் எடுக்கிற கமரா ஒன்றைக் கட்டவேண்டும் என்று கேட்டாள்.

வேறு நாள் என்றால் இவர் நூறு கேள்வி கேட்டுக் கலைத்திருப்பார். அன்றைக்கு ஒரே ஒரு கேள்விதான்.

"வேலியும் படத்திலை விழுமோ?"

விழும் என்றாள். உடனே ஏணியைக் கொண்டுவந்து தானே பிடித்தார். பிள்ளைக்கு மத்தியானம் சாப்பாடு, பின்னேரம் தேத்தண்ணி, எல்லாம் உபசாரம். அவள் போனதும் என்னிடம் வந்து, ஆவணிக்குள் கொண்ணனைப் படத்தோடு பிடிக்கிறேன் பாரும் என்றார். உண்மையாகவே அண்ணன் படத்தில் விழுந்துவிட்டால் இந்தப் பிறப்பில் இரண்டு வீடும் சேராது.

பதினோராம் நாள் காலை வேலி சரிந்து கிடந்தது. இவர் அந்தப் பிள்ளைக்குப் போன் எடுத்துவிட்டு, சேட்டும் போட்டுக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தார். அவள் வந்து கமராவில் இருந்த படங்களை மடிக்கணினியில் ஏற்றினாள். நானும் இவரும் கம்சிகாவும் சுற்றி நின்றோம்.

விடியற்காலை ஐந்து பத்து. அண்ணனின் வளவுக்குப் பின்பக்கம் வேலி இல்லை, வெட்டைவெளி. அந்தப் பக்கத்தால் சுட்டிக் குதிரை வருகிறது. பின்னால் நாலு குதிரை, ஒரு குட்டி. அடைத்த இடத்துக்கு நேரே வந்து நிற்கிறது. நெஞ்சை வைத்து அழுத்துகிறது. ஒரு கல் விழுகிறது, பிறகு இரண்டு. கொஞ்சம் பின்வாங்கித் திரும்ப அழுத்துகிறது. வேலி சரிந்ததும் கல்லுக்கு மேலால் மெல்லக் கால் வைத்துப் போய்த் தொட்டியில் வாய் வைக்கிறது. குட்டி கடைசியாகத் துள்ளிக்கொண்டு வருகிறது.

"மற்றப் படங்களைக் காட்டும்" என்றார் இவர்.

காட்டினாள். பதினோரு நாளில் அந்த வேலியடியில் விழுந்த மனித முகம் ஒன்றே ஒன்றுதான். பனைக்குப் பின்னால் ஒளித்து நின்று வேலியை எட்டிப் பார்க்கிற இவருடைய முகம். கம்சிகா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அப்போதும் மனுசன் விடவில்லை. குதிரையை அவன் பழக்கியிருப்பான் என்றார். நிலாந்தினி பொறுமையாகச் சொன்னாள். கோடை கடுமையானால் வயதான பெட்டைக் குதிரை தனக்குத் தெரிந்த வழியால்தான் கூட்டத்தைக் கொண்டுபோகிறது. இது குட்டியாக இருந்தபோது தாயோடு இந்தக் கடப்பால் வந்து தண்ணீர் குடித்திருக்கும். நீங்கள் வழியை அடைத்துவிட்டீர்கள், அது மறக்கவில்லை. இன்னும் ஒரு கோடை பார்த்தால்தான் இதை உறுதியாக எழுதலாம் என்றும் சொன்னாள். எங்கள் நிலம் முழுக்கக் கற்பாறை, குளம்பு பதியாது. அதனால்தான் இத்தனை வருடமும் ஒரு தடயமும் கிடைக்கவில்லை.

அவள் போன பிறகு இவர் தொட்டியடியில் போய் விழுந்த கற்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். எனக்கு இரக்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது.

"ஒன்பது வருசம் என்ரை அண்ணை தனிய இருந்து சோறு காச்சித் திண்டவர்" என்றேன். "இனியும் கலியாணக் காட்டை வேலியிலை வைக்கப் போறியளோ?"

மனுசன் போய்க் குளித்தார். வேட்டி கட்டிக்கொண்டு வந்து, தட்டத்தை எடும் என்றார். ஒழுங்கையால் சுற்றிப் போவோம் என்று நினைத்தேன். அவர் சரிந்த கல்லுக்கு மேலாலேயே நடந்தார்.

அண்ணன் முற்றத்தில் சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டு எழும்பினார். இவர் கலியாணக் காட்டை இரண்டு கையாலும் நீட்டினார். அந்த வீட்டில் அவர் கையால் கொடுத்த கடிதம், ஒன்பது வருடத்துக்குப் பிறகு அதுதான்.

"மச்சான், நான் பிழை விட்டிட்டன். வேலியைத் தள்ளினது குதிரை."

அண்ணன் கட்டியிருந்த சாரத்தில் கையைத் துடைத்துவிட்டுக் காட்டை வாங்கினார்.

"எனக்குத் தெரியும். என்ரை வளவுக்குள்ளாலைதானே அது போறது."

"அப்ப ஏன் ஒரு வார்த்தை சொல்லேல்லை?"

"நீ கேட்டனியே? கள்ளன் எண்டெல்லோ சொன்னனீ."

பிறகு என் பக்கம் திரும்பினார். குரலில் கோபமே இல்லை.

"இவன் கேட்கமாட்டான் எண்டு தெரியும், தங்கச்சி. நீ ஒருநாள் வந்து கேட்பாய் எண்டு இருந்தனான்."

முற்றத்து மண்ணில் அப்படியே இருந்து அழுதேன். அண்ணன்தான் உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார், எனக்குச் சீனி கூடப் போட்டு.

கலியாணத்தில் அண்ணன் விடியற்காலையிலிருந்து நின்று எல்லா வேலையும் செய்தார். கடப்பை இப்போது அடைப்பதில்லை. இரண்டு பேருமாகச் சேர்ந்து இரண்டு பக்கமும் கல்லை ஒழுங்காக அடுக்கி, குதிரை போகிற அகலத்துக்கு வழி விட்டிருக்கிறார்கள். இவர் புதிதாக வைத்த தென்னங்கன்றுகளைச் சுற்றித்தான் இப்போது வேலி. தொட்டிக்குத் தண்ணீர் விடுவதை இவர் வேறு யாரிடமும் விடமாட்டார். கமரா இன்னும் பனையில் இருக்கிறது. அதில் குதிரைகளை விடக் கடப்படியில் இருந்து கதைக்கிற இரண்டு கிழவர்களின் படம்தான் கூட இருக்கிறது என்று நிலாந்தினி முறைப்பாடு செய்கிறாள்.

என் படமும் அதில் இருக்கும். ஒவ்வொரு நாளும் காலையில் அந்த வழியால் போகிறேன். உப்பு இருக்கிறதா, இருமல் குறைந்ததா, பிள்ளைகள் போன் எடுத்தார்களா என்று அண்ணனிடம் ஏதாவது ஒன்று கேட்டுவிட்டுத்தான் வருகிறேன்.