இவருக்குப் பதில் இவர்

என் பெரியம்மா எந்தப் படத்தையும் நன்றாக இருக்கிறது என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஏற்றுமதிக்குச் சட்டை தைக்கும் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் அவள். தைத்து வரும் சட்டையை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, தையல் விட்டுப்போன இடத்தில் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவிடுவாள். கம்பெனியை விட்டு வந்த பிறகும் அந்தக் கண் ஓயவில்லை. அதையும் எடுத்துக்கொண்டு டிவி முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

ராஜா காலத்துக் கதையில் ராணி கதறி அழுதால், பெரியம்மா ராணியின் ரவிக்கைத் தையலைப் பார்ப்பாள். "அந்தக் காலத்துலயே ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மிஷின் வந்துடுச்சா? ராஜா போர் முடிச்சுட்டு வர்றான், அங்கியில ஒரு கசங்கல் இல்ல. சண்டை போட்டானா, இஸ்திரி போட்டானா?"

தமிழில் டப்பிங் செய்த துப்பறியும் தொடர் என்றால் இன்னும் மோசம். "இந்தப் போலீஸ்காரன் வீட்ல லைட்டே கிடையாதா? இருட்டுல நின்னுக்கிட்டு மழையையே பாக்குறான். மழையா கொலை பண்ணுச்சு?"

பேய்ப் படத்தில் கதவு கிறீச்சிட்டால், "முதல்ல அந்தக் கீலுக்கு எண்ணெய் விடுங்கடா" என்பாள். ஏழெட்டு விருது வாங்கிய படம் ஒன்றை நான்தான் ஆசையாகப் போட்டுக் காட்டினேன். அதில் ஒருவன் வெகுநேரம் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். பெரியம்மா ரிமோட்டை உள்ளங்கையில் தட்டித் தட்டிப் பார்த்தாள்.

"என்ன பெரியம்மா?"

"படம் நின்னுபோச்சோன்னு பாத்தேன். ஓடிக்கிட்டுதான் இருக்கா? அடப்பாவமே."

பக்கத்திலேயே பெரியப்பா உட்கார்ந்திருப்பார். செருப்புக் கடையில் விற்பனையாளராக இருந்தவர். வருகிறவர்களின் காலடியில் குந்தி, "கொஞ்சம் இறுக்கமா இருக்கா சார்?" என்று கேட்டே காலத்தை ஓட்டிய மனிதர். பெரியம்மா என்ன சொன்னாலும் "ம்" என்பார். அந்த 'ம்' ஆமாவா, இல்லையா என்று எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இதுவரை தெரியாது.

மாலையில் ஓடிய ஒரு தொடரைத்தான் பெரியம்மா எல்லாவற்றையும்விடக் கேவலமாக நினைத்தாள். யாராவது ஒருத்தி கன்னத்தில் அறை வாங்கினால், அந்த வீட்டில் இருக்கும் எல்லார் முகத்தையும் மூன்று மூன்று தடவை காட்டுவார்கள். "அறை வாங்குனது ஒருத்தி. வலி மட்டும் ஊருக்கே" என்பாள். அடுத்த வீட்டில்தான் நாங்கள் இருந்தோம். என் அம்மா ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள்.

"புடிக்கலன்னா வேற சேனல் மாத்த வேண்டியதுதானேக்கா?"

"இன்னும் எவ்வளவு கேவலமாப் போவாங்கன்னு பாக்க வேணாமாடி?"

நடிக்கிறவர் யாராவது விலகிவிட்டால், 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று எழுத்துப் போட்டுப் புது முகத்தைக் காட்டுவார்களே, அதைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "நேத்து வரைக்கும் ஒல்லியா இருந்த அண்ணன் இன்னிக்குக் குண்டாயிட்டான். கூடப் பொறந்தவளுக்கு ஒரு சந்தேகம் வரல பாரு!"

அந்தத் தொடரின் படப்பிடிப்பு எங்களுக்கு அடுத்த தெருவில் ஒரு பெரிய வீட்டுக்கு மாறி வந்தது. பெரியப்பா காலை நடைக்குப் போகும்போது வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பார். கதாநாயகியின் அப்பாவாக நடித்தவர் ஏதோ தகராறில் கோபித்துக்கொண்டு போய்விட்ட சமயம் அது. மேனேஜர் வெளியே வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றவர், கண்ணில் பட்ட பெரியப்பாவை மேலும் கீழும் பார்த்தார்.

"சார், சக்கர நாற்காலியில சும்மா உக்காரணும். பக்கவாதம் வந்த அப்பா. பேச வேணாம். உக்காருவீங்களா?"

பெரியப்பா உட்கார்ந்தார். மறுநாளும் வரச் சொன்னார்கள், போனார். காலை நடை மதியம்வரை நீண்டது. கேட்டால், "பழைய கடைக்காரரைப் பாத்தேன்" என்று மழுப்பினார். பெண்டாட்டியிடம் அவர் சொன்ன முதல் பொய் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஒரு மாலையில் நானும் அம்மாவும் பெரியம்மா வீட்டில் இருந்தபோது திரையில் அந்த எழுத்து வந்தது.

"ஆரம்பிச்சுட்டானுங்க" என்றாள் பெரியம்மா. "இப்ப தெருவுல போற எந்தக் கிழவனைப் புடிச்சு…"

பேச்சு பாதியில் நின்றது. திரையில், சவரம் செய்யாத முகத்தோடும் தோளில் சால்வையோடும் பெரியப்பா. சோபாவில், வேர்க்கடலைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு இன்னொரு பெரியப்பா. பெரியம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏங்க, இது யாரு?"

"நான்தான்."

"அங்க எதுக்கு உக்காந்திருக்கீங்க?"

"பக்கவாதம்" என்றார் பெரியப்பா.

அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. பெரியம்மா சிரிக்கவில்லை. "சால்வையைப் பாரு, மூட்டையைக் கட்டுன மாதிரி" என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவர் பாடு தினமும் திண்டாட்டம்தான். "கால் விளங்காதவருக்குக் கட்டைவிரல் ஆடுது." "மகளைப் பறிகொடுத்த மாதிரி பாக்கச் சொன்னா, பஸ்ஸைத் தவறவிட்ட மாதிரி பாக்குறீங்க." "உக்காந்திருக்குறதுக்குப் பேரு நடிப்பாம்!" பெரியப்பா எல்லாவற்றுக்கும் "ம்" என்றார். ஆனால் தெருவில் அவர் நடையே மாறியிருந்தது. மருந்துக் கடைக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கு எப்ப சார் குணமாகும்?" என்று உண்மையான கவலையோடு கேட்டார். அன்று முழுக்கப் பெரியப்பாவுக்கு வாயெல்லாம் பல்.

பிறகு ஒருநாள் இரண்டு தாள் வசனத்தோடு வந்தார். அப்பாவுக்குப் பேச்சு திரும்பிவிடுகிறதாம்.

"பேச வைக்கிறாங்களா? அப்ப கதையை முடிக்கப் போறாங்க" என்றாள் பெரியம்மா. "இந்த மாதிரி தொடர்ல வாயில்லாதவன் நூறு வருஷம் இருப்பான். வாயைத் திறந்தான்னா அடுத்த வாரம் சுவத்துல படமாத் தொங்குவான்."

பெரியப்பா சமையலறையில் உலாத்தியபடி வசனத்தைச் சொல்லிப் பார்த்தார். "மகளே…"

"எந்த வீட்ல மகளேன்னு கூப்பிடுறாங்க? நாடகக்காரன் மாதிரி இழுக்குறீங்க. கையை எதுக்கு அப்படித் தூக்குறீங்க, கொடி ஏத்தப் போறீங்களா?"

பெரியப்பா தாளைச் சமையல் மேடையில் வைத்தார்.

"நீ ஒரு தடவையாவது, எதையாவது நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கியா?" "சினிமா, என் தங்கச்சி மகள் பாட்டு, நான் ஆசையா வாங்கிட்டு வந்த புடவை, எல்லாத்துக்கும் ஒரு ஸ்டிக்கர். எனக்கும் முதுகுல எங்கயாவது ஒட்டித்தான் வச்சிருப்ப."

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அன்று மாலை தொடர் ஓடியபோது பெரியம்மா வாயே திறக்கவில்லை. காய்ச்சலோ என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

பெரியம்மா சொன்னபடியேதான் நடந்தது. அப்பா பேசினார், பேசி முடித்ததும் செத்தார். அந்தக் காட்சி வந்த அன்று சொந்தக்காரர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். தாளில் இருந்த 'மகளே'யைப் பெரியப்பா விட்டுவிட்டிருந்தார். "ஏம்மா, இங்க வா" என்று கூப்பிட்டார். வீட்டில் தண்ணீர் கேட்கிற அதே குரல். கையைத் தூக்கவில்லை. மூச்சு வாங்கி வாங்கி நாலு வார்த்தை பேசினார், தலை ஒருபக்கம் சாய்ந்தது. உடனே எல்லார் முகத்தையும் மூன்று மூன்று தடவை காட்டினார்கள். நாங்கள் எல்லோரும் பெரியம்மாவைத்தான் பார்த்தோம்.

விளம்பரம் வந்தது. பெரியப்பா மெல்லக் கேட்டார். "ஒண்ணுமே சொல்லலியே."

"தையல் விட்டிருந்தாத்தான் சொல்லுவோம்" என்றாள். "நல்ல சட்டையைப் பத்தி யாருங்க பேசுவா? மடிச்சுப் பெட்டியில வச்சுடுவோம்."

சொல்லிவிட்டு வேர்க்கடலைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பெரியப்பாவுக்கு அது உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. திரையில் சாகும்போது ஒழுங்காக வராத கண்ணீர் அப்போது பொலபொலவென்று வந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கடலைத் தோல் கண்ணுல பட்டுடுச்சு" என்றார்.

சில நாள் கழித்து, தொடரை இயக்கும் பெண் நன்றி சொல்ல வீட்டுக்கு வந்தாள். பெரியம்மா தேநீர் கொடுத்தாள், கூடவே கொடுக்க வேண்டியதையும் கொடுத்தாள்.

"உங்க தொடர் மாதிரி ஒரு குப்பையை நான் பாத்ததே இல்லம்மா."

"எத்தனை நாளா பாக்குறீங்க?"

"முதல் நாள்லேருந்து. ஒரு நாள் விட்டதில்ல."

"உங்களை மாதிரி ஆளுங்களை நம்பித்தான்மா நாங்க எடுக்குறோம்" என்று சிரித்தாள் அந்தப் பெண். அவள் படியிறங்கிப் போன பிறகு, "வாய்க்கொழுப்பைப் பாரு" என்றாள் பெரியம்மா.

பெரியப்பாவை இப்போது வேறொரு சேனலில் நீதிபதியாக உட்கார வைத்திருக்கிறார்கள். சுத்தியலைத் தட்டி, "அமைதி, அமைதி" என்கிறார். பெரியம்மா அந்தத் தொடரின் வக்கீல்களையும் குற்றவாளியையும் பின்னணி இசையையும் தினமும் கிழித்துத் தொங்கவிடுகிறாள். போன வாரம் அவளோடு உட்கார்ந்து பார்த்த எதிர்வீட்டு அம்மா, "அண்ணன் இன்னும் கொஞ்சம் கம்பீரமா உக்காந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டாள்.

"நடிப்பைப் பத்தி உங்களுக்கு என்னங்க தெரியும்?" என்றாள் பெரியம்மா.

எதிர்வீட்டு அம்மா இப்போது டிவி பார்க்க வருவதில்லை.