சேங்கொட்டைக் குறி

1. பறிமுதல் இல்லை, பத்திரம்

ஏரி உடைந்த இரண்டாம் நாள் எங்கள் தாலுகா ஆபீசுக்குத் துப்பாக்கிகள் வர ஆரம்பித்தன. எல்லாம் ஓசூரை அடுத்த காட்டோரக் கிராமங்களில், பன்றியிடமிருந்து பயிரைக் காக்க லைசென்ஸ் வாங்கிய குடியானவர்களுடையவை. வீடு இடிந்தவர்கள் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்கள். இடிந்த சுவருக்குள் கிடக்கும் துப்பாக்கி யார் கைக்கும் போகலாம் என்பதால், தண்ணீர் வடியும்வரை ஆபீசில் ஒப்படைக்கும்படி தாசில்தார் தண்டோரா போடச் சொல்லியிருந்தார்.

ஆயுத லைசென்ஸ் ரிஜிஸ்டர் என் பொறுப்பு. அப்போது எனக்கு இரண்டு வருஷ சர்வீஸ். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான், எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். அதை யாரும் கேட்காமலே சொல்வேன். அப்பா என்ன வேலை என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவேன்.

முனியப்பா என்ற குடியானவர் தன் துப்பாக்கியை மேஜைமேல் வைத்துவிட்டுக் கையை எடுக்காமல் நின்றார்.

"சாமி, லைசென்சு புக்கு தண்ணியில போயிடுச்சு. இதும் போச்சுன்னா நான் என்னா பண்றது? கேழ்வரகு கதிர் முத்தி நிக்குது. இன்னும் பத்து நாள்ல வயக்காட்டுல காவலுக்கு உக்காரணுங்க."

"யோவ், இது பறிமுதல் இல்லய்யா, பத்திரம்," என்றார் தாசில்தார். "தண்ணி வடிஞ்சதும் உன் துப்பாக்கி உன் கைக்கே வரும். நான் சொல்றேன்ல?"

அப்புறம்தான் முனியப்பா கையை எடுத்தார்.

ஒவ்வொன்றிலும் பெயர்ச்சீட்டு கட்டவேண்டும். ரிஜிஸ்டர் என்னுடையது, சீட்டு எழுதுவதும் என்னிடம்தான் வரும் என்றிருந்தேன். தாசில்தார் டைப்பிஸ்ட் வசந்தாவைக் கூப்பிட்டார். சேலத்து வக்கீல் மகள். கான்வென்ட் இங்கிலீஷ். அவள் எழுதிய முதல் சீட்டை எல்லோருக்கும் தூக்கிக் காட்டி, "அச்சு மாதிரி இருக்கு பாருங்க," என்றவர் என் பக்கம் திரும்பி, "செல்லம்மா, உன் எழுத்தும் இருக்கே, கோழி கிண்டுன மாதிரி," என்றார்.

வசந்தா நீல மையில், அட்டையில் எழுதிக்கொண்டிருந்தாள். அந்த மை ஈரம் பட்டால் நிற்காது என்று எனக்குத் தெரியும். பையன்களின் சட்டைப் பையில் கசிந்த பள்ளிக்கூட மை, தொட்டி முழுக்கப் பரவுவதைச் சிறு வயதிலிருந்து பார்த்தவள் நான். சொல்லியிருக்கலாம். சொன்னால், உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அதைவிட, அந்த அழகான எழுத்து கலையட்டுமே என்று ஒரு நினைப்பும் இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

2. ஒழுகிய ரிக்கார்டு ரூம்

மழை மறுபடி பிடித்தது. நான்காம் நாள் காலையில் ரிக்கார்டு ரூமைத் திறந்தால், கூரை ஒழுகி முப்பத்தொரு சீட்டும் நீலக் கறையாக இருந்தன.

கம்பெனித் துப்பாக்கிகளில் நம்பர் உண்டு. ரிஜிஸ்டரோடு ஒப்பிட்டுப் பிரித்துவிட்டேன். மீதிப் பன்னிரண்டும் உள்ளூர்க் கொல்லர் அடித்த, கேப்பு வைத்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கிகள். நம்பர் கிடையாது. ரிஜிஸ்டரில் பன்னிரண்டுக்கும் ஒரே வர்ணனை: 'நாட்டுத் துப்பாக்கி, ஒற்றைக் குழல்.'

தாசில்தார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "லைசென்சு ஆளுக்கு மட்டும் இல்ல, இன்ன துப்பாக்கிக்குன்னும்தான். மாத்திக் குடுத்தா வாங்கினவன் மேல கேசு. சேலத்துல கலெக்டர் ஆபீசுக்கே அனுப்பிடுவோம், அவங்க பாத்துக்கட்டும்."

சேலம் போன துப்பாக்கி அறுப்புக்குள் திரும்பாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். வெளியே வராந்தாவில் முனியப்பா காத்திருந்தார். வெள்ளம் முள்வேலியை அடித்துக்கொண்டு போய்விட்டது, பன்றி இறங்கிவிட்டது என்று சொல்ல வந்திருந்தார்.

"யாரு இந்த மையில எழுதுனது?" என்று தாசில்தார் கத்தினார். அவரே எழுதச் சொன்னது மறந்துவிட்டது.

"நான்தான் சார். தப்பு என்னுது," என்றாள் வசந்தா. காரணம் எதுவும் சொல்லவில்லை.

இதைக் கேட்டு நான் மகிழ்ந்திருக்க வேண்டும். ஆனால் அவள் எழுத்தைவிட இந்த ஒரு பேச்சின்மேல்தான் எனக்குப் பொறாமை அதிகம் வந்தது. இதுவும் அவளுக்கே வாய்க்கிறதே என்று இருந்தது. அவள் முந்திவிட்ட ஆத்திரத்தில்தான் நான் வாய் திறந்தேன்.

"சார், மை நிக்காதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லல."

"உனக்கெப்படிம்மா தெரியும்?"

"எங்கப்பா துணி வெளுக்கிறவரு சார்."

நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று தொடர்ந்து பேசினேன். "அடையாளத்துக்கு வெச்ச குறி அழிஞ்ச துணிய அப்பா யார்கிட்டயும் காட்டி, இது உன்னுதான்னு கேக்க மாட்டாரு. காட்டுனா எல்லாரும் தன்னுதும்பாங்க. மூட்டையப் பிரிக்காம, உன் துணியில எங்க கிழிசல், எந்த நூல்ல தச்சிருக்குன்னு கேப்பாரு. அப்பறந்தான் எடுப்பாரு. அப்படியே கேட்டுப் பாக்கலாம் சார்."

3. பல் தடம்

மணியக்காரரைச் சாட்சியாக உட்காரவைத்தோம். பன்னிரண்டு பேரையும் வரவழைத்து, ஒவ்வொருவரிடமும் தனியாக, துப்பாக்கியைக் காட்டாமல் கேட்டோம். வசந்தா எழுதிக்கொண்டாள்.

முனியப்பா யோசிக்கவே இல்லை. "கட்டையோட அடியில, தோள்ல வெக்கிற எடத்துல, நாலு பல்லுத் தடம் இருக்குமுங்க. எம்பொண்ணு பல்லு மொளைக்கிறப்ப கடிச்சது."

இருந்தது. நான்கு சின்னப் பள்ளங்கள். தாசில்தார் விரல் வைத்துப் பார்த்தார். "ஏம்மா, ரிஜிஸ்டர்ல சேத்துக்க. அடையாளம்: பல் தடம். லைசென்சு நகலும் இன்னைக்கே போட்டுக் குடு."

முனியப்பா துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு வயலுக்குப் போனார். அன்று பதினோரு துப்பாக்கிகள் உரியவர்களிடம் போயின. ஒருவருக்கு மட்டும் எந்த அடையாளமும் சொல்லத் தெரியவில்லை. மிஞ்சியது அவருடையதுதான் என்று தெரிந்தும், அடையாளம் எழுதாமல் கொடுக்கத் தாசில்தார் ஒப்பவில்லை. அவருடையது சேலம் போய், அறுப்பெல்லாம் முடிந்து தை மாதம்தான் திரும்பியது. ரிஜிஸ்டரில் நான் ஒரு வரி கூடுதலாக எழுதியிருந்தால் அவர் பாதிக் கதிரைப் பன்றிக்குக் கொடுத்திருக்க வேண்டாம்.

ஆயுத செக்‌ஷனுக்கு வரும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். ஆபத்துக் காலத்தில் சட்டப்படி ஒருவர் வைத்திருக்கும் பொருளைப் பத்திரம் என்று சொல்லி வாங்கினால், அவர் கைக்கே திரும்பும் வழியை வாங்கும்போதே செய்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அதற்குப் பெயர் பறிமுதல்தான்.

அடுத்த மழைக்கு நான் துணிப்பட்டையில் சீட்டு செய்தேன். அப்பாவிடமிருந்து, அவர் துணிக்குக் குறி போடும் சேங்கொட்டை வாங்கிவந்து, ஊசியால் அதன் பாலைத் தொட்டுக் குறி வைத்து, மேலே சுண்ணாம்பு தடவினேன். வெள்ளாவியில் வேகவைத்தாலும் அது போகாது. வசந்தா வந்து, "எனக்கும் சொல்லிக்குடு, செல்லம்மா," என்றாள். சொல்லிக்கொடுத்தேன். இரண்டாவது பட்டையிலேயே அவள் குறி என்னுடையதைவிட அழகாக விழுந்தது.

மறுநாள் அவள் விரலெல்லாம் கொப்புளம். சேங்கொட்டைப் பால் பழகாத கையைப் புண்ணாக்கிவிடும். தேங்காயெண்ணெய் தடவிவிட்டேன். என் விரல்களில் ஒன்றுமில்லை. அவளுக்கு வாய்க்காதது ஒன்றாவது என்னிடம் இருந்தது. அந்தப் பழகிய கையை நான் மேஜைமேல், எல்லோருக்கும் தெரியும்படி வைத்துக்கொண்டு வேலை செய்தேன்.