யாரும் இறங்காதீங்க என்ற ஏழுமலை அண்ணன்

ஏழுமலை அண்ணன் இறந்த செய்தி வந்தபோது நான் அவரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். ஓசூரில் ஒரு சலவைக்கூடத்து மேனேஜர் போனில் கத்திக்கொண்டிருந்தார். எங்கள் பட்டறையிலிருந்து போன ஸ்பிரிங் டேபிள் மேலே எழும்பவே இல்லையாம். "நாலு பேர் சேர்ந்து இழுக்கிறோம் மேடம், அசையலை. யார் இதைப் பூட்டினது?" என்றார். "எங்க பேக்கிங்ல ஒருத்தர் இருக்கார் சார். அவர் பூட்டினா அவரே வந்தாத்தான் திறக்கும்" என்று நான் சலித்துக்கொண்ட அதே நேரம் மேசை மேலிருந்த இன்னொரு போன் அடித்தது. ஏழுமலை அண்ணனின் மச்சான்.

"அக்கா, மாமா பூட்டாருக்கா."

எங்கள் பக்கத்தில் போய்விட்டார் என்பதைப் பூட்டார் என்றுதான் சொல்வோம். எனக்கு அது தெரியாததில்லை. ஆனாலும் ஒரு காதில் ஓசூர் இருந்தது. "எதைப் பூட்டினாரு? அதைச் சொல்லு முதல்ல" என்று அதட்டினேன். அவன் மெதுவாக, "செத்துப் பூட்டாருக்கா. காலைல காப்பி குடிச்சிட்டு சாஞ்சாரு. அவ்ளோதான்" என்றான்.

பட்டறையில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும், அவருடைய ஊரான உறுவையாற்றில் அவரைத் தெரிந்தவர்களுக்கும், அவர் முகத்தைப் பார்க்காமல் அவர் போட்ட பூட்டை மட்டும் பார்த்துத் திட்டிய வெளியூர்க்காரர்களுக்கும் இதை எழுதுகிறேன். வில்லியனூர்ப் பக்கத்துப் பட்டறையில் பதினோரு வருடம் அவர் பேக்கிங் பிரிவுக்குப் பொறுப்பு. சரக்கு போகும் லாரிக்கு ரசீது எழுதி, கிளம்பும் நேரம் குறிப்பது என் வேலை. அவர் லாரியை நிறுத்துவார், நான் கிளப்புவேன். எங்கள் உறவு இவ்வளவுதான்.

அந்த டேபிளைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மேலே ஒரு இரும்புத் தட்டு. கீழே கத்தரிக்கோல் மாதிரிக் குறுக்கும் நெடுக்குமான கால்கள், நடுவில் தடித்தடியாக ஸ்பிரிங்குகள். பாரம் ஏற்றினால் தட்டு தாழும், எடுக்க எடுக்க எழும்பும். துணி மூட்டையோ அட்டைப் பெட்டியோ எடுப்பவர் குனிய வேண்டியதில்லை. பட்டறையில் அது சும்மா நிற்கும்போது இடுப்புக்கும் மேலே உயர்ந்து நிற்கும். லாரியில் அப்படி ஏற்ற முடியாது. அமுக்கித் தரையோடு தரையாக்கி, கால்களில் உள்ள துளைகளில் இரண்டு பூட்டுக் கம்பிகளைச் செருகி, அதன் மேல் பெல்ட் கட்டி அனுப்ப வேண்டும். வழியில் கம்பி உருவிக்கொண்டால், அவ்வளவு நேரம் அடங்கிக் கிடந்த ஸ்பிரிங் எதிரே இருப்பது பெட்டியா ஆளா என்று பார்க்காது.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். நாலு மணிக்குக் கிளம்ப வேண்டிய லாரி நாலரை ஆகியும் நின்றது. போய்ப் பார்த்தால் ஏழுமலை அண்ணன் தட்டின் மேல் இரும்புப் பாளங்களை ஒவ்வொன்றாக, நடுவிலிருந்து ஓரத்துக்குக் கோலம் போடுகிற மாதிரி அடுக்கிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "நாலு லோடுமேன் சும்மாத்தானே நிக்கிறாங்க. ஏறி நின்னா ரெண்டு நிமிஷத்துல அமுங்கிடாது?" என்றேன்.

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஆளு வெயிட்டு இல்லம்மா."

"ஏன், ஆளுக்கு வெயிட்டு கிடையாதா?"

"கீது. ஆனா ஆளு தும்முவான். பாளம் தும்மாது."

கம்பியைச் செருகிய பிறகும் பாளங்களை ஒரேயடியாக எடுக்க மாட்டார். இரண்டு எடுப்பார், பக்கவாட்டில் நின்று பார்ப்பார். மறுபடி இரண்டு எடுப்பார். கடைசியில் ஒவ்வொரு கம்பி நுனியிலும் சிவப்புத் துணி கட்டுவார். அன்று லாரி கிளம்பும்போது ஐந்தே கால். சோம்பேறிதான் இப்படி ஜாக்கிரதை வேஷம் போடுவான் என்று முடிவு கட்டினேன். அந்த முடிவோடு நாலு வருடம் இருந்தேன்.

அதை மாற்றியது என் தங்கை சுமதியின் கல்யாணம். மாப்பிள்ளை கரையாம்புத்தூர். வில்லியனூரில் மண்டபம். இரண்டு நாள் இருக்கும்போது மண்டபக்காரர் கூப்பிட்டு, மேடைப் பலகை இற்றுப்போய்விட்டது, பெண்ணையும் மாப்பிள்ளையையும் தரையில்தான் உட்கார வைக்க வேண்டும் என்றார். மாப்பிள்ளை வீட்டுக்குச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தபோதே எனக்குத் தலை சுற்றியது. அப்போதுதான் பட்டறையில் புதிதாகச் செய்து வைத்திருந்த பெரிய டேபிள் கண்ணில் பட்டது. அமுக்கிப் பூட்டினால் முழங்கால் உயரம், நல்ல அகலம், ஒரு சோபா போட்டு இரண்டு பக்கமும் ஆள் நிற்கலாம். முதலாளி சரி என்றார். ஏழுமலை அண்ணன் வேண்டாம் என்றார்.

"இது லாரில போற சாமான்மா. கல்யாணத்துக்குப் போற சாமான் இல்ல."

"நீங்கதான் நல்லாப் பூட்டுவீங்களே அண்ணா."

"நான் நல்லாத்தான் பூட்டுவேன். அத யாரு காவ காக்கறது?"

நான் விடவில்லை. கடைசியில் அவரே கூட வந்து டேபிளை இறக்கிப் போட்டார். இரண்டு கம்பி, இரண்டு பெல்ட், இரண்டு சிவப்புத் துணி. கல்யாணத்துக்கும் வந்தார். சந்தன நிறச் சட்டை, கையில் ஒரு பை. அதற்குள் மொய்க் கவரோடு நாலு மரக்கட்டைகளும் இருந்தன. பார்த்துவிட்டுச் சிரித்தேன். "இருக்கட்டுமே" என்றார்.

வரவேற்பு ஆரம்பித்தது. டேபிளுக்கு ரோஜா நிற வெல்வெட் போர்த்தி அதன் மேல் சோபா. சோபாவைச் சுற்றி மாப்பிள்ளை வீட்டார் பத்துப் பன்னிரண்டு பேர் போட்டோவுக்கு நின்றார்கள். அந்தச் சமயம் அலங்காரம் செய்தவர் என்னிடம் ஓடி வந்தார். "மேடம், முன்னாடி பெல்ட்டும் சிவப்புத் துணியும் துருத்தினு கீது. போட்டோல அசிங்கமா விழுது. எடுத்துடட்டா?" நான் யாரோ ஒரு பெரியம்மாவுக்கு நாற்காலி தேடிக்கொண்டிருந்தேன். "எடுங்க, எடுங்க" என்றேன்.

அவர் எடுத்தார். இரண்டு துணிகளோடு இரண்டு கம்பிகளும் வந்தன. அவற்றைத் துணி மாட்டும் கொக்கி என்று நினைத்தாராம்.

அவ்வளவு பேர் மேலே நின்றதால் ஒன்றும் ஆகவில்லை. போட்டோ முடிந்து அவர்கள் ஒவ்வொருவராக இறங்க ஆரம்பித்தார்கள். முதலில் மாப்பிள்ளையின் தாய்மாமன் இறங்கினார். சோபா ஒரு சாண் உயர்ந்தது. அடுத்து அத்தை இறங்கினார். ஒன்றரைச் சாண். மண்டபத்தில் யாரோ கை தட்டினார்கள். உடனே எல்லோரும் கை தட்டினார்கள். போட்டோகிராபர், "சூப்பர் சார், அப்படியே போங்க, என்னைப் பாருங்க" என்று குனிந்து குனிந்து எடுத்தார். கடைசி ஆளும் இறங்கியபோது பெண்ணும் மாப்பிள்ளையும் எங்கள் தலைக்கு மேல் இருந்தார்கள். மாப்பிள்ளை ஒரு கையால் சோபாவையும் மறு கையால் சுமதியையும் பிடித்திருந்தார். சுமதி என்னை மட்டும் பார்த்தாள். அந்தப் பார்வையை அவள் இன்னும் முழுதாகத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா, "எங்க புள்ளைய எங்க ஏத்துறீங்க?" என்று கேட்டார். மாப்பிள்ளையின் நண்பர்கள் நாலைந்து பேர், "ஏறி மிதிச்சா எறங்கிடும்" என்று வேட்டியை மடித்துக் கட்டினார்கள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. "ஏறுங்க, சீக்கிரம் ஏறுங்க" என்று நானே முதல் ஆளாகத் தட்டைப் பிடித்து ஒரு காலைத் தூக்கிவிட்டேன்.

"யாரும் ஏறாதீங்க! யாரும் எறங்காதீங்க!"

ஏழுமலை அண்ணன் பந்தியிலிருந்து ஓடி வந்தார். வலது கை முழுக்கச் சாம்பார். அதுவரை அவர் யாரையும் அதட்டி நான் கேட்டதில்லை. என்னைப் பார்த்து, "காலை எடு" என்றார். எடுத்தேன். நேராகத் தரையில் குப்புறப் படுத்தார். வெல்வெட்டைத் தூக்கி உள்ளே பார்த்தார்.

"உள்ள கொழந்த கீது" என்றார், ரொம்ப மெதுவாக.

யார் குழந்தை என்று நான் கேட்க வாயெடுப்பதற்குள் உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. "சொல்லாதீங்க மாமா. நான் ஒளிஞ்சிருக்கேன்."

என் மகள் யாழினி. அப்போது அவளுக்கு நாலு வயது.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் முன்னால்வரை என் ஒரு கால் அந்தத் தட்டின் மேல் இருந்தது. பின்னால் நாலைந்து தடிப் பையன்கள் ஏறத் தயாராக நின்றார்கள். அதற்கு மேல் நினைக்க எனக்கு இன்றைக்கும் தைரியம் இல்லை.

அவர் குழந்தையை இழுக்கவில்லை. பையிலிருந்து நாலு கட்டைகளையும் எடுத்து, கால்கள் மடங்காதபடி மூலைக்கு ஒன்றாகச் செருகினார். ஒவ்வொன்றையும் கையால் தட்டிப் பார்த்தார். மேலே பார்த்து, "தம்பி, தும்மல் கிம்மல் வந்தா அடக்கிக்கோ" என்றார். மாப்பிள்ளை தலையைக்கூட ஆட்டாமல் சரி என்றார். பிறகுதான் குழந்தையிடம் பேசினார்.

"பாப்பா, வெளிய வா."

"மாட்டேன்."

"கண்டுபுடிச்சிட்டேன். நீ அவுட்டு. வெளிய வந்தாத்தான் அடுத்த ஆட்டம்."

"நீங்க எண்ணவே இல்லை."

அவர் முந்நூறு பேர் முன்னால் குப்புறப் படுத்தபடி கண்ணை மூடிப் பத்து வரை எண்ணினார். ஒவ்வொரு எண்ணையும் நிதானமாக எண்ணினார். பத்துக்கு அப்புறம் யாழினி வெளியே வந்தாள். வெல்வெட்டில் தலைமுடி சிக்கி, கையில் ஒரு பலூன் இருந்தது. அவளைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டு மறுபடியும் படுத்து உள்ளே ஒரு முறை பார்த்தார். இன்னொரு குழந்தை இல்லை என்று தெரிந்த பிறகுதான் கட்டைகளை உருவினார்.

இறக்குவதற்குப் பாளம் இல்லை. வேறு வழியில்லாமல் அவர் கூட்டத்தைப் பார்த்து ஆள் பொறுக்க ஆரம்பித்தார். "அண்ணே, நீங்க வாங்க. நடுவுல நில்லுங்க. அக்கா, நீங்க வாங்க. அந்தப் பச்சப் பொடவ பெரியம்மா, நீங்களும் வாங்க. நீங்க வேணாம் சார், உங்களால ஆவாது." கூப்பிடப்பட்ட பெரியம்மா மாப்பிள்ளைக்கு ஒன்றுவிட்ட அத்தை. "என்னை ஏன் கூப்பிடுற?" என்றார். ஏழுமலை அண்ணனுக்குப் பொய் சொல்ல வராது. "நீங்க ஒரு ஆளு வந்தா மூணு பேரு வேல மிச்சம்மா" என்றார். அந்த அத்தை இரண்டு வருடம் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. வேண்டாம் என்று சொல்லப்பட்ட ஒல்லிச் சாரும் வரவில்லை.

தட்டு இறங்கியது. கம்பியைச் செருகிப் பெல்ட்டைக் கட்டிவிட்டு அவர் சாப்பிடப் போகவில்லை. விருந்து முடியும்வரை டேபிளுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கல்யாண ஆல்பத்தில் எந்தப் போட்டோவைப் பார்த்தாலும் பெண், மாப்பிள்ளை, வந்தவர், ஓரத்தில் சாம்பார் சட்டையோடு ஏழுமலை அண்ணன். மாப்பிள்ளை வீட்டார் பலர் அவரைப் பெண்ணின் சித்தப்பா என்றே நினைத்தார்கள்.

மறுநாள் முதலாளி எங்களைக் கூப்பிட்டுக் கம்பியை எடுத்தது யார் என்று கேட்டார். என் வாய் திறக்கவில்லை. ஏழுமலை அண்ணன்தான் பேசினார். "நான் பக்கத்துல நின்னிருக்கணும் சார். பந்திக்குப் போனது என் தப்பு." ஒரு வாரம் அவரை வேலைக்கு வர வேண்டாம் என்றார் முதலாளி. அதைக் கேட்டுக்கொண்டும் நான் பேசாமல் நின்றேன்.

அவர் திரும்பி வந்த இரண்டாம் நாள் பேக்கிங் பக்கம் போனேன். பாளம் அடுக்கிக்கொண்டிருந்தார். "அண்ணா, அந்த அலங்காரக்காரர் கேட்டப்போ எடுங்கன்னு சொன்னது நான்தான்" என்றேன்.

"தெரியும்மா. அன்னிக்கே அவன் வந்து சொல்லிட்டான்."

"அப்ப முதலாளிகிட்ட ஏன் சொல்லலை?"

"அது நீ சொல்ல வேண்டியது. வருவன்னு பாத்துனே இருந்தேன்." அடுத்த பாளத்தை வைத்தார். "என் லாரி அர மணி நேரம் லேட்டானா அந்தக் கத்து கத்துற. நீ ஒம்போது நாள் லேட்டு. நான் எதாச்சும் கேட்டேனா?"

சொல்லிவிட்டு அவர்தான் முதலில் சிரித்தார். நான் அழுதுகொண்டே சிரித்தேன். பிறகு முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அன்றைய லாரி ஆறு மணிக்குக் கிளம்பியது. யாரும் கத்தவில்லை.

உறுவையாற்றில் அவரை எடுத்த அன்று யாழினியும் வந்திருந்தாள். இப்போது ஆறாவது படிக்கிறாள். அவளுக்கு அந்த வரவேற்பு ஞாபகம் இல்லை. தான் ஒளிந்திருந்தபோது மாமா பத்து வரை எண்ணியது மட்டும் ஞாபகம் இருக்கிறது என்கிறாள்.

என்னிடம் அவர் விட்டுப்போனது ஒரு பழக்கம். செய்த தப்பை வெயில் ஏறுவதற்குள் சொல்லிவிடுவது. எனக்கு அது இன்னும் சுலபமாக வரவில்லை. அவர் போன பத்தாம் நாள் இரண்டு லாரிகளின் ரசீதை மாற்றிக் கொடுத்துவிட்டேன். சேலம் போக வேண்டிய டேபிள் வேறு ஊருக்குக் கிளம்பிவிட்டது. கண்டுபிடித்ததும் எழுந்து நேராக முதலாளி அறைக்குப் போய், "சார், நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாம்மா, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார்.

"நல்லாத்தான் இருக்கேன் சார்" என்றேன். லாரி அப்போது பக்கத்திலிருக்கும் கண்டமங்கலம்கூடத் தாண்டியிருக்கவில்லை. டிரைவருக்குப் போன் போட்டோம். திரும்பி வந்துவிட்டது.