பெட்டியில் போட்ட கோடித் துணி

விமானத்தில் போகும்போது எதைக் கையில் வைத்துக்கொள்வது, எதைப் பெட்டியில் போட்டு ஏற்றிவிடுவது என்று நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. எங்கள் கூட்டத்தில் முதலில் பறந்தவன் நான் என்பதால் கேட்கிறார்கள். நான் பேச்சை மாற்றிவிடுவேன். இருபது வயதில் ஒரே ஒருமுறை அதைத் தீர்மானித்தேன். யோசிக்காமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. நன்றாக யோசித்துத்தான் செய்தேன்.

நாலு வருஷத்துக்கு முன்பு, சித்திரை மாதம். இன்ஜினியரிங் மூன்றாம் வருஷ விடுமுறைக்குத் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் தோட்டத்துக்கு வந்திருந்தேன். அக்காவைக் கட்டிக்கொடுத்தது ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்காரருக்கு. போர் போடுவதற்காக எங்கள் பக்கத்து ஆட்கள் லாரி லாரியாக வடக்கே போய்க்கொண்டிருந்தார்கள். மாமாவும் இரண்டு ரிக்குகளோடு டெல்லிக்குப் போய் அங்கேயே வீடு பிடித்துவிட்டார். அக்காவும் கூடப் போனாள்.

விடியற்காலையில் டவுனிலிருந்த ரிக் ஆபீசுக்கு ட்ரங்க் கால் வந்தது. மஞ்சள் காமாலை முற்றி அக்கா இறந்துவிட்டாள்.

எங்களில் கட்டிக்கொடுத்த பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை போக வேண்டும். அதுதான் கோடி. கூடப்பிறந்தவன் அதைத் தன் கையால் போர்த்திய பிறகுதான் பிணத்தை எடுப்பார்கள். போர்த்த ஆளில்லாமல் போனால் நாதியற்றவள் என்று பேச்சு வரும். போனில் மாமா அழவில்லையாம். "ஐஸ் வெச்சிருக்கறமுங்க. பொழுது எறங்கறதுக்குள்ள கோடி வந்தாப் போதும்" என்று மட்டும் சொன்னாராம். ஆபீஸ்காரர்கள் யார் யாரையோ பிடித்து, பெங்களூரிலிருந்து கிளம்பும் விமானத்தில் ஒரு சீட் வாங்கினார்கள். ஒன்றுதான் கிடைத்தது. அப்பா இல்லை. அம்மா போனாலும் கோடி போட நான்தான் வேண்டும். நான் போவதென்று முடிவானது.

அழுதேன். பொய்யாக அழவில்லை. ஆனால் சட்டையை மடித்துக்கொண்டிருக்கும்போதே, ஜன்னலோரம் கிடைக்குமா என்று ஒரு எண்ணம் ஓடியது. ஹாஸ்டல் சுவரெல்லாம் விமானப் படம் ஒட்டி வைத்திருந்தவன் நான். இறக்கை ஏன் அந்த வளைவில் இருக்கிறது என்று கேட்காதவர்களுக்கும் விளக்குவேன். தோள்பையில் கூட்டாளியிடம் இரவல் வாங்கி வந்திருந்த கேமராவை வைத்தேன். யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் வைத்தேன்.

அம்மா துணிக்கடைக்காரரை வீட்டிலிருந்து கூட்டிவந்து கடையைத் திறக்க வைத்து, நாலைந்து சேலையைப் பிரித்துப் பார்த்து ஒன்றை எடுத்துவந்தாள். மஞ்சள் பையோடு என் கையில் கொடுத்தாள்.

"கீழ வெச்சராத சாமி. கையிலயே இருக்கோணும். அவகிட்டப் போயித்தான் பிரிக்கோணும்."

"சரிங்கம்மா."

பெங்களூர் வரைக்கும் மடியில்தான் வைத்திருந்தேன். ரிக் ஆபீஸ் அம்பாசிடர், ரிக் ஆபீஸ் டிரைவர். விமான நிலையத்து வாசலில் இறங்கியதும் எனக்குக் கூச்சம் பிடித்துக்கொண்டது. கோட்டுப் போட்டவர்கள், குதிகால் உயர்ந்த செருப்புப் போட்ட பெண்கள். அவர்களுக்கு நடுவில் ஜவுளிக்கடைப் பேர் அச்சடித்த மஞ்சள் பையோடு நான். காரின் பின்பக்கத்தைத் திறந்து, சூட்கேஸில் என் துணிகளுக்கு மேலே பையைப் படுக்கவைத்துப் பூட்டினேன்.

டிரைவர் பார்த்துவிட்டார். "ஏனுங் தம்பி, கோடியக் கையில வெச்சுக்கலீங்களா?"

"பெட்டில பத்திரமா இருக்குமுங்கண்ணா. நம்பர் போட்டுச் சீட்டுக் குடுப்பாங்க."

"லாரி ஆபீஸுலயுந்தான் சீட்டுக் குடுக்கறாங்க. போன மாசம் நம்ம கம்ப்ரசர் பெல்ட்டு எங்க போயி எறங்குச்சுன்னு கேட்டுப் பாருங்க."

"அண்ணா, இது லாரி இல்லீங்க. இதுல ஒரு சிஸ்டம் இருக்குது."

"என்னமோங்க. படிச்சவங்க சொல்றீங்க. மஞ்சப்பையப் பாத்தாச் சிரிப்பாங்கன்னு நெனைக்கறீங்க, அதானுங்க?"

சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். கவுண்டரிலிருந்த பெண் அன்றைக்கு எல்லாரிடமும் கேட்டதையே என்னிடமும் இங்கிலீஷில் கேட்டாள்: உடனே தேவைப்படுகிற பொருள் ஏதாவது பெட்டியில் இருக்கிறதா? தோள்பையில் இன்னும் இடமிருந்தது. கேமராவை எடுத்தால் சேலை தாராளமாகப் போயிருக்கும். அவளுக்கு முன்னால் பெட்டியைத் திறந்து மஞ்சள் பையை வெளியே எடுப்பதை நினைத்துப் பார்த்தேன். "ஒன்றுமில்லை" என்றேன். பெட்டி உள்ளே போனது.

ஜன்னலோரம் கிடைத்தது. மேகத்தை மூன்று படம் எடுத்தேன்.

டெல்லியில் பெட்டிகள் வரும் பட்டை சுற்றிச் சுற்றி வந்தது. என்னோடு வந்தவர்கள் ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டு போனார்கள். பட்டை நின்றது. சீட்டைக் காட்டினேன். அங்கிருந்தவர் ஒரு தாளைப் புரட்டிவிட்டு, பாரம் அதிகமாகிவிட்டதால் சில பெட்டிகளை இறக்கிவிட்டார்கள், அடுத்த விமானங்களில் வந்துவிடும் என்றார். உள்ளே அவசரமான சாமான் உண்டா என்று கேட்டார். கோடி என்பதற்கு எனக்கு இங்கிலீஷும் வரவில்லை, இந்தியும் வரவில்லை. "ஒரு சேலை" என்றேன். அவர் சிரித்தார். சேலைதானே, கவலைப்படாதீர்கள், கசங்காமல் வரும் என்றார். நல்ல மனுஷர். எழுதிக் கொடுக்கச் சொன்ன தாளையெல்லாம் எழுதிக் கொடுத்தேன். வெளியே வரும்போது வெயில் சாய்ந்துவிட்டது.

மாமா வீட்டு வாசலில் ரிக் பையன்கள் நின்றிருந்தார்கள். எல்லாம் நம் பக்கத்து முகங்கள். நடுவில் ஐஸ் பாளங்களின்மேல் அக்கா. ஐஸ் பாதி கரைந்து வாசலெல்லாம் தண்ணீர். மாமாவின் அம்மா எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்தார்.

"வந்துட்டியா சாமி. கோடியக் குடு, நேரமாச்சு."

"பெட்டி வரலீங்க."

"பெட்டியா? கோடியப் பெட்டியில எதுக்குப் போட்டே?"

கையை விடுவித்துத் தோள்பையைப் பின்னால் தள்ளினேன்.

"அப்ப தோள்ல தொங்கறது என்னது?"

"கேமராங்க."

யாரும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஒரு ரிக் பையன் மட்டும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். மாமா யாரையோ சைக்கிளில் கடைவீதிக்கு அனுப்பினார். அவன் ஜிகினா வைத்த ஒரு ரோஸ் சேலையோடு வந்தான். அந்த ஊர்ச் சேலை. அக்கா உயிரோடிருந்தால் தொட்டிருக்கமாட்டாள். அதில் ஒட்டியிருந்த விலைச் சீட்டை நான்தான் கிழித்தேன். நான்தான் போர்த்தினேன். வழுக்கலான துணி, இரண்டு தடவை சரிந்தது. பையன்கள் அவசரமாகத் தூக்கினார்கள்.

மூன்றாம் நாள் பெட்டி வந்தது. அந்த மனுஷர் சொன்னபடியே சேலை ஒரு மடிப்புக் கலையாமல் இருந்தது. கோடியைத் திரும்பப் பிறந்த வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடாது. மாமா அதைப் பையோடு வாங்கிப்போய்ச் சாம்பலோடு ஆற்றில் விட்டார். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அத்தைகிட்டச் சொல்லாத மாப்ள. தாங்கமாட்டாங்க" என்றார். அவருக்கு அம்மா அத்தை.

நான் சொல்லவில்லை. அம்மாவும் ஏதும் சந்தேகப்படவில்லை. அவள் துக்கத்துக்கு நடுவில் அந்தக் கோடி ஒன்றுதான் ஆறுதலாகிவிட்டது. ஆற்றாமை வரும்போதெல்லாம் அதைப் பிடித்துக்கொள்கிறாள். வருகிற சொந்தக்காரர்களிடம், பால்காரரிடம், சந்தையில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்கிறாள்.

"அத்தன தூரத்துல செத்தும் எம்பொண்ணு பொறந்த ஊட்டுத் துணியோடதானுங்க போனா. எம்பையன் ப்ளேன்ல பறந்து போயிப் போட்டுப்போட்டு வந்தான்."

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்புவாள். "இல்லீங்களா சாமி?"

"ஆமாங்கம்மா" என்பேன்.