பள்ளிக்கூடச் சுவரில் ஹெலிகொப்டர்

எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தின் பக்கச் சுவரில் ஆகாய வரலாற்றை எழுதியவள் நான்தான். விஞ்ஞானப் பாடம் எடுக்கிற டீச்சர்; நீலப் பெயின்ட் கொஞ்சம் மிஞ்சியிருந்தது; சும்மா இருக்க முடியவில்லை. மரச்சட்டமும் துணியுமாக முதல் விமானம் எழும்பியது, கொஞ்ச வருஷத்திலேயே மேலிருந்து குண்டு போட்டது, ஜெட் வந்தது, விண்வெளிக்கு நாயை அனுப்பியது, மனிதன் சந்திரனில் கால் வைத்தது. நடுவில் ஒரு வரி: "பர்மாக் காட்டில் காயப்பட்ட படைவீரர்களை ஹெலிகொப்டர் முதன்முதலாக ஏற்றிக்கொண்டு வந்தது." அந்த வரியை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்குக் காறித் துப்பத் தோன்றுகிறது.

பதுளைக்குப் போகிற பசறை ரோட்டில் மண் சரிந்து பஸ், லொறி எதுவும் ஓடாத வாரம் அது. சேதத்தைப் பார்க்க ஒரு பெரிய மனிதர் ஹெலிகொப்டரில் வருகிறார் என்றார்கள். சரிந்த மண்ணை அள்ள வராத மண்வெட்டிகள் எல்லாம் எங்கள் மைதானத்தில் புல் செதுக்க வந்தன. சுண்ணாம்பால் பெரிய வட்டம் போட்டோம். அதற்கு மட்டும் ஆள் கிடைத்தது!

அவர் வருகிற அன்று காலை மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த என் அக்காவைக் குளவி கொட்டிவிட்டது. ஒன்றிரண்டல்ல, கூடே கலைந்து வந்திருக்கிறது. முகம் வீங்கி, கண் மூடி, மூச்சு இழுத்தது. தோட்டத்து மருந்துச்சாலையில் ஊசி போட்டவர், "ஒடனே பதுளைக்குக் கொண்டு போங்க, இங்க வச்சிருக்க ஏலாது" என்றார்.

யாருக்காவது முடியாமல் போனால் கம்பளியில் கிடத்தி, மூங்கிலில் கட்டித் தோளில் தூக்குவது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் வழக்கம். அக்காவையும் அப்படித்தான் தூக்கினார்கள். ஆனால் மண்சரிவைத் தாண்டிக் கொண்டுபோகாமல் நேரே மைதானத்துக்குத் தூக்கி வந்துவிட்டார்கள். "டீச்சரே செவுத்துல எழுதியிருக்காங்கல்ல, ஹெலிகொப்டர்ல ஏத்துவாங்கன்னு" என்றாள் அக்காவோடு வேலை செய்கிறவள். படித்த மூதேவி நானும் அதை நம்பினேன். ஒன்றரை மணித்தியாலம் காத்திருந்தோம்.

வந்தார்கள். மாலை போட்டார்கள். பெரிய மனிதர் என் சுவரைப் பார்த்து "அருமை, அருமை" என்று சொல்லி, அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார். கூட வந்த வெள்ளைச் சட்டைக்காரரிடம் ஓடினேன்.

"ஐயா, எங்க அக்கா மூச்சு விட முடியாம கெடக்குறா. பதுளை வரைக்கும் ஏத்திக்கிட்டுப் போங்கய்யா."

அவர் கம்பளியைப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். "எடமில்லம்மா. ரோட்டு வழியா கொண்டு போகப் பாருங்க."

ரோடா? அது இல்லை என்று பார்க்கத்தானே ஐயா வந்தீர்கள்?

அப்புறம் நடந்ததுதான் குமட்டல். தோட்டத்தின் அன்பளிப்பு என்று ஆறு தேயிலைப் பெட்டிகள் வந்தன. ஒவ்வொன்றாக ஏற்றி, ஒரு சீட்டில் அடுக்கி, ஆடாமல் பெல்ட்டும் போட்டார்கள். ச்சீ! விசிறி சுற்றியபோது கிளம்பிய தூசி முழுக்க அக்காவின் வீங்கிய முகத்தில்தான் விழுந்தது. நான் முந்தானையால் மூடினேன்.

நாலு பேர் அவளைச் சேற்றில் முழங்கால் புதையத் தூக்கிப் போனார்கள். சரிவுக்கு அந்தப் பக்கம் ஒரு வேன் கிடைத்து, பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர அந்தியாகிவிட்டது. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் அவ்வளவுதான் என்று டொக்டர் ஏசினார். யாரை? எங்களைத்தான்.

பிழைத்துக்கொண்டாள். வீடு வந்த வாரம் நான் வெள்ளையடிக்கிற வாளியும் பிரஷ்ஷுமாகச் சுவரடியில் நின்றபோது, ஒரு கண் இன்னும் சரியாகத் திறக்காமல் மெல்ல நடந்து வந்தாள்.

"என்னடி பண்ற?"

"இந்தக் கருமத்த அழிக்கப் போறேன்."

"அழிக்காத. கீழ இன்னொரு வரி எழுது. நான் கிள்ளின கொழுந்து ஏறிப் போயிருச்சு, நான் ஏறலன்னு எழுது."

அதே நீலப் பெயின்டில் எழுதினேன். பெரியவர்கள் வந்து போகிற இடம், அழித்துவிடுங்கள் டீச்சர் என்று பள்ளிக்கூட அதிபர் தினமும் சொல்கிறார். வரட்டும். வந்து, அதன் முன்னாலும் நின்று படம் எடுத்துக்கொள்ளட்டும்.