வாய் மட்டும் மிஞ்சிய மீன்கள்

மருதமுனை அபுல் ஹஸனுக்கு எதிலும் சந்தேகம். கடையில் வாங்கிய சீனியை வீட்டில் மறுபடி நிறுப்பார். தேநீரில் சாயம் குறைந்தால் மனைவி சுஹறாவை ஒரு பார்வை பார்ப்பார். அப்படிப்பட்டவருக்கு வாய்த்த தொழிலோ, பிழைப்பை ஆளில்லாத கடலில் விட்டுவிட்டு வந்து தூங்கும் தொழில். தூண்டில்கள் கட்டிய நீளக் கயிற்றை மாலையில் இரு முனையும் நங்கூரமிட்டுக் கடலடியில் கிடத்திவிட்டு வருவார். மேலே மிதக்கும் வெள்ளைக் கேன்தான் அடையாளம். விடியலில் ஸுபஹ் தொழுதுவிட்டுப் போய்த் தூக்கினால் விளைமீனும் கலவாயும் வரும்.

ஒருநாள் இஞ்சின் பழுதாகி, நண்பகல் லுஹர் நேரத்தில்தான் போக முடிந்தது. தூண்டில்களில் மீன்களின் வாய் மட்டும் தொங்கியது, உடலைக் காணோம். பக்கத்தில் கயிறு போடுகிறவன் சுஹறாவின் தம்பி றிபாஸ். அவனோ அன்று காலையிலேயே பெட்டி நிறைய மீனோடு கரையேறியிருந்தான். அபுல் ஹஸனுக்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

அதற்குப் பிறகு அவர் விடியலில் கடலுக்குப் போவதை விட்டார். றிபாஸ் திரும்பும்வரை கரையில் குந்தியிருந்து, அவனுடைய பெட்டியில் வாயில்லாத மீன் கிடக்கிறதா என்று புரட்டுவார். எதுவும் அகப்படாது. வெயிலேறித் தன் கயிற்றைத் தூக்கினால், பழையபடி வாய்கள்தான்.

"என்ட தம்பி ஹறாம் தின்ன மாட்டான்" என்றாள் சுஹறா.

"அப்ப பள்ளிவாசல்ல வந்து சத்தியம் பண்ணட்டும்."

"அவனப் பள்ளிக்கு இழுத்தா, பொறகு அவன் இந்த வாசல் மிதிக்க மாட்டான். எனக்கிருக்கிறது ஒரு தம்பி."

சத்தியம் செய்தவனைக்கூட ஊர் பிறகு ஒரு மாதிரித்தான் பார்க்கும். அது தெரிந்தும் அபுல் ஹஸன் ஆளனுப்பினார். "ஓம், வெள்ளிக்கிழம ஜும்ஆ முடிய வாறன்" என்று மட்டும் றிபாஸ் சொல்லியனுப்பினான்.

வெள்ளிக்கிழமையில் அந்தக் கரையிலிருந்து எவரும் கடலுக்குப் போவதில்லை. அபுல் ஹஸன் வியாழன் மாலை வேண்டுமென்றே கயிறு போட்டார். காலையில் கரையில் குந்தி, றிபாஸின் வள்ளம் உட்பட எல்லா வள்ளங்களும் மணலில் கிடப்பதைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். வெயிலேறிய பிறகுதான், ஊர் வழக்கத்தை மீறிப் போய்க் கயிற்றைத் தூக்கினார்.

வாய்கள் வந்தன. கடைசியில் முழு விளைமீன் ஒன்றும் வந்தது. கையில் எடுத்தால் பாரமே இல்லை. வெறும் தோல்பை. அதைக் கிழித்ததும் வள்ளத்தின் அடியெங்கும் பூச்சிபோன்ற கடற்பேன்கள் கொட்டி ஊர்ந்தன. நேரம் கடந்து கிடக்கும் மீனைக் கடற்பேன் தின்னும் என்பது கடலுக்குப் போகும் எவருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். கள்ளனுக்குக் காவலிருந்த வேலையில் அது ஞாபகத்துக்கு வரவில்லை. வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

பள்ளிக்கு ஓடினார். றிபாஸ் ஹவுள் தொட்டியடியில் தொழுகைக்கு ஒழு எடுத்துக்கொண்டிருந்தான்.

"கடற்பேன்தான் றிபாஸ். நான் பிந்திப் பிந்தித் தூக்கினதாலதான். நீ சத்தியம் பண்ணத் தேவையில்ல."

"எனக்கு மொதல் நாளே தெரியும், மச்சான்" என்றான் றிபாஸ், காலைக் கழுவிக்கொண்டே. "நான் செல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

குத்பா பிரசங்கம் முடிந்து, தொழுகை தொடங்க இகாமத் சொன்னார்கள். அபுல் ஹஸன் தன் பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம்விட்டு நின்றார். றிபாஸ் அவரைக் கடந்து போய் முன் வரிசையில் நின்றான்.