அழகுக்கு வைத்த குடங்கள்

அத்தான் வாங்கிவந்த அந்த இரண்டு சுடுமண் குடங்களையும் நான் முதன்முதலில் பார்த்தது காரின் பின் இருக்கையில். சரிந்து உடைந்துவிடாதபடி இரண்டுக்கும் நடுவில் தலையணை வைத்து, மேலே பழைய போர்வை ஒன்றைப் போர்த்தி, பிள்ளைகளைக் கூட்டிவருவதைப் போலக் கொண்டுவந்திருந்தார். செங்கல் நிறம். என் இடுப்பளவு உயரம். வாயைச் சுற்றி இலைகளாலான கிரீடம். அடிப்பக்கம் திறந்தே இருந்தது. "அடியில்லாத குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நிக்கிறார் மனுசன்" என்று அக்கா வாசலில் நின்று சிரித்தாள். மெல்பேர்ணின் பழைய வீடுகளில் புகைபோக்கியின் தலையில் இப்படிக் குடங்களை நிறுத்திவைப்பார்கள். புகை நன்றாக மேலே இழுபடும், பார்க்கவும் லட்சணமாக இருக்கும். எங்கள் தெருவில் எல்லா வீடுகளுக்கும் அது இருந்தது, அத்தான் வாங்கிய வீட்டைத் தவிர. "எங்கட வீடு மட்டும் மொட்டையா நிக்குது. பாக்கிறவன் என்ன நினைப்பான்?" என்று குடிவந்த நாளிலிருந்து புலம்பிக்கொண்டிருந்தவர், ஒரு சனிக்கிழமை இடித்த வீடுகளின் சாமான் விற்கும் இடத்துக்குப் போய் இவற்றைத் தேடிப் பிடித்துவிட்டார்.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. அத்தான் உயர்நிலைப் பள்ளியில் கணிதம் படிப்பித்தார். நான் தாதிப் பயிற்சிக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அவர்களுடன் தங்கியிருந்தேன். இருபத்திரண்டு வயது. இங்கிலீசு தெரியும் என்ற திமிர் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. ஒரு கூரைக்காரன் வந்து குடங்களைப் பூட்டிவிட்டுப் போன பின்னேரம், அக்கா தெருவின் மறுபக்கம் போய் நின்று அண்ணாந்து பார்த்தாள். "கோயிலுக்குக் கலசம் வைச்ச மாதிரி இருக்கடி" என்றாள். அதற்குப் பிறகு வீட்டுக்கு வருகிறவர்களை உள்ளே இருக்கவிடுவதற்கு முன் வெளியே கூட்டிப்போய்க் காட்டுவது அவள் வழக்கமானது. கீழே வரவேற்பறையில் இருந்த கணப்படுப்பை நாங்கள் ஒருநாளும் மூட்டவில்லை. எங்களிடம் மின்சார ஹீற்றர் இருந்தது. அடுப்புக்குள் அக்கா பூச்சாடி வைத்திருந்தாள்.

அந்தக் குளிர்காலத்திலேயே அத்தானுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. இதயத்தில் ஒரு வால்வு பழுது என்றார்கள். அறுவைச் சிகிச்சைக்குத் திங்கட்கிழமை என்று நாள் குறித்து, வெள்ளிக்கிழமையே ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். நேர்ந்துகொள்ளவும் ஒரு கோயில் இல்லாத ஊரில் அக்கா என்ன செய்வாள்? இரவு பகலாக யோசித்து, ஞாயிறு காலை அத்தானின் ஆயுளுக்காக ஓர் ஓமம் செய்வதென்று முடிவெடுத்தாள். வெளியே விடாத மழை. உள்ளே வளர்க்கலாமென்றால் எங்கும் கம்பளம், புகை வேறு நிறைந்துவிடும். "இந்த அடுப்புக்குள்ள வளர்த்தால் என்ன? புகை அந்தக் கும்பத்தால நேரா மேல போகும். அவருக்குச் சொல்லாதை, சிரிப்பார்" என்றாள். "அக்கா, உனக்கு மூளை இருக்கு" என்று மெச்சியவள் நான்தான். பூச்சாடியை எடுத்துவைத்துச் செங்கல் அடுக்கியதும் நான்தான்.

மந்திரம் சொல்ல எங்களுக்குத் தெரிந்த ஐயர் யாரும் இருக்கவில்லை. கணக்காளராக வேலை செய்த ஓர் அங்கிள் புத்தகம் ஒன்றுடன் வந்தார். கோட்டைக் கழற்றி வேட்டி கட்டிக்கொண்டு கணப்படுப்பின் முன் சப்பாணி கட்டி உட்கார்ந்தார். நெய் ஊற்றியதும் நெருப்பு அழகாகத்தான் எழுந்தது. அக்காவின் முகத்தில் பல நாட்களுக்குப் பிறகு ஒரு தெளிவு. பிறகு புகை மேலே போகாமல் அடுப்பின் வாய்வழியே திரும்பி எங்கள் மேல் வரத் தொடங்கியது. முதலில் கொஞ்சம்தான். பிறகு, ஐயோ, அறை முழுவதும். அங்கிள் மூன்று வரிக்கு ஒரு தரம் இருமி, கடைசியில் புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவிட்டார். நான் யன்னல்களைத் திறந்தேன். அக்கா எழும்பவில்லை. "தொடங்கினது முடியிறவரைக்கும் நெருப்பு நூரக்கூடாது" என்று கண்ணீர் வழியச் சுள்ளிகளை வைத்துக்கொண்டே இருந்தாள். யன்னல்வழி வந்த புகையைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக் கிழவர் தீயணைப்புப் படைக்கு ரெலிபோன் செய்துவிட்டார், பாவம், நல்ல மனதோடுதான்.

வந்தவர்களில் மூத்தவன் கையில் தண்ணீர் வாளியுடன் உள்ளே வந்தான். அக்காவைப் பார்த்தான். தேங்காயை, பூவை, குங்குமத்தைப் பார்த்தான். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டு என் பக்கம் திரும்பி, இதில் ஏதும் விசேஷம் உண்டா, அணைக்கலாமா என்று மரியாதையாகக் கேட்டான். அக்கா கைகூப்பி, "தண்ணி ஊத்தாதேங்கோ, ஊத்தாதேங்கோ" என்றாள். பதற்றத்தில் அவளுக்குத் தமிழ்தான் வந்தது. வாசலில் தெருவே கூடி நின்றது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நாசமாய்ப் போன என் வாய், "ஜஸ்ட் குக்கிங்" என்றது. அவன் சிரித்துவிட்டு வாளியைக் கவிழ்த்தான்.

பின்னேரம் புகை மணத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனோம். மறைக்க முடியவில்லை. அக்கா அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னாள். அத்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடி விசரி! பயர் பிளேஸ் பாவிக்கிறனீங்களோ எண்டு கூரைக்காரன் கேட்டவன். இல்லை, குடம் சும்மா அழகுக்குத்தான் எண்டனான். ஓட்டையைச் சிமெந்தால அடைச்சிட்டுத்தான் மேல குடத்தை வைச்சவன். சாமியும் இல்லை, சகுனமும் இல்லை, வெறும் சிமெந்து." அக்கா சிரிக்கவில்லை. "அடைக்கச் சொன்ன வாய் ஆரின்ர வாய்?" என்றாள்.

திங்கட்கிழமை அவரை உள்ளே கொண்டுபோனார்கள். அவர் கண் விழிக்கவில்லை. ஐம்பது வருடம் ஆகப்போகிறது, இதைவிட நீளமாக அந்த நாளை எழுத எனக்கு வரவில்லை. நான் தாதி. இதய வால்வுக்கும் ஒரு வாளித் தண்ணீருக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். அதை அக்காவுக்கு எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்தேன்! சொல்லும்போதெல்லாம் "ஓம், ஓம்" என்று ஆமோதிப்பாள். அந்த "ஓம்" எனக்குக் கேட்காமலே இருந்திருக்கலாம். வீட்டை விற்றோம். அக்கா என்னோடு வந்துவிட்டாள். நான் கல்யாணம் செய்தபோதும் கூடவே வந்தாள். நான் இரவு வேலைக்குப் போன காலமெல்லாம் என் பிள்ளைகளை வளர்த்தது அவள்தான். ஊரில் சண்டை தொடங்கியபின் திரும்பிப்போகும் பேச்சும் நின்றுவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவள் என்னிடம் ஒரு சொல் கேட்டதில்லை. நான் சொன்ன இங்கிலீசு புகைக்குள் அவள் காதில் விழவில்லை என்றுதான் நம்பியிருந்தேன். அப்படி நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

போன மாதம் கண் வைத்தியரிடம் காட்டிவிட்டு கிளென் வேவர்லியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பும்போது, "அந்த வீட்டடியால ஒருக்காப் போவமே?" என்றாள் அக்கா. அவளுக்கு எண்பது தாண்டிவிட்டது. தெருவின் மறுபக்கம் காரை நிறுத்தினேன். முன்பக்கம் முழுவதையும் மாற்றிக் கண்ணாடி போட்டிருந்தார்கள். குடங்கள் மட்டும் அப்படியே நின்றன, இலைக் கிரீடம் பாசி பிடித்திருந்தது. அக்கா வெகுநேரம் அண்ணாந்து பார்த்தாள்.

"அண்டைக்கு நீ சமையல் எண்டு சொல்லாமல் விட்டிருந்தா, அவன் தண்ணி ஊத்தாமல் போயிருப்பானோ?"

பொய் சொல்ல எவ்வளவோ ஆசை. சொல்ல வரவில்லை.

"ஓம் அக்கா. போயிருப்பான். அவன் என்னைக் கேட்டவன்."

அவள் தலையசைத்தாள். என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. "பிறகேன் இவ்வளவு காலமும் என்னை ஒண்டும் கேக்கேல்லை? ஏசியிருக்கலாமே அக்கா, அடிச்சிருக்கலாமே!"

"ஏசி, நீயும் கோவிச்சுக்கொண்டு போயிருந்தா, எனக்கு இஞ்ச ஆர் இருந்தது?" என்றாள்.